பெட்டியைத் திறந்து காட்டும் படங்கள்
(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

நான் பேச்சாளன் அல்லேன். பள்ளி இறுதி வகுப்போடு படிப்பை முடித்துக்கொண்டு, இருபத்து மூன்று ஆண்டுகளாக இரயில்வேயில் பார்சல் கணக்கு எழுதிவரும் குமாஸ்தா. புலவர் பெருமக்கள் பேசிய மேடையில் என்னை ஏற்றிய செயலாளர் அவர்கள், ‘பிள்ளைகளும் கைப்பேசியும்’ என்று தலைப்புக் கொடுத்தார். அத்தலைப்பில் ஆண்டுதோறும் ஒருவர் பேசுகிறார், கைதட்டல் பெறுகிறார், வீடு திரும்பியதும் பிள்ளை ஒரு மூலையிலும் தந்தை ஒரு மூலையிலுமாய் அவரவர் கைப்பேசியில் ஆழ்ந்துவிடுகின்றனர். ஆகவே, செயலாளரின் இசைவு பெற்றுத் தலைப்பைச் சற்றே சுருக்கிக்கொண்டேன். வீடியோ விளையாட்டுகளைப் பற்றிப் பாடம் சொல்லும் ஒரு சித்திரப்படத் தொடரைக் குறித்தும், அதனைப் பார்த்தவர்கள் கூறும் கருத்துகளைக் குறித்துமே பேசப்போகிறேன்.

தொடரின் பெயர் ‘எக்ஸ்ட்ரா கிரெடிட்ஸ்’. அமெரிக்காவில் சித்திரப்படக் கலை பயின்றுகொண்டிருந்த டேனியல் ஃபிளாய்டு என்னும் இளைஞர், 2008 ஆம் ஆண்டில் வகுப்பிற்கென ஒரு சொற்பொழிவுப் படத்தைச் செய்து இணையத்தில் வைத்தார். விளையாட்டு வடிவமைப்பாளராகிய ஜேம்ஸ் போர்ட்னோ அவருடன் சேர்ந்தார். 2010 முதல் அது வாரந்தோறும் வரும் தொடராயிற்று. உருண்டைத் தலையும் குச்சிக் கையுமாகச் சிறு பொம்மைகள் வந்துபோகும். பின்னால் ஒரு குரல் பேசிக்கொண்டேயிருக்கும். ஒரு விளையாட்டு எவ்வாறு கட்டப்படுகிறது, ஆடுகிறவன் ஏன் எழுந்துபோக மனமின்றி உட்கார்ந்திருக்கிறான், நல்ல விளையாட்டு எது, ஏய்ப்பு எது என்பனவெல்லாம் ஏழெட்டு நிமிடங்களில் விளக்கப்படும்.

சென்ற ஆண்டு மழைக்காலத்தில், நம் படிப்பகத்தில் ஞாயிறு மாலைகளில் இத்தொடரின் சில படங்களைத் திரையிட்டோம். அங்கே கேட்ட கருத்துகளை முதலில் சொல்லிவிடுகிறேன். “இது மனிதக் குரலா, அணில் கத்துகிறதா?” என்று கேட்டார் ஒரு பாட்டியம்மா. அவர் கேட்டது பிழையன்று. பேசியதை வேகம் கூட்டிச் சுருதியை உயர்த்தி வெளியிடுவது இத்தொடரின் தொடக்ககால வழக்கம். ஓய்வுபெற்ற எஞ்சின் ஓட்டுநர் ஒருவர், “ஆங்கிலம் மெயில் வண்டி வேகத்தில் போகிறது, நமக்குப் பாசஞ்சர் வண்டி போதும்” என்றார். ஒரு தாயார் கேட்டதுதான் கனமான கேள்வி. “விளையாடாதே என்று நாம் அடித்துக்கொள்கிறோம், விளையாட்டையே பாடமாக வைத்தால் திருடனுக்கு வாசற்படி காட்டியது ஆகாதா?”

அந்தத் தாயாருக்கு விடையாகத் திரையிட்டதுதான் ‘ஸ்கின்னர் பெட்டி’ பற்றிய படம்.

ஸ்கின்னர் என்பவர் அமெரிக்க உளவியல் அறிஞர். 1904 இல் பிறந்து 1990 இல் மறைந்தவர். எலியையும் புறாவையும் ஒரு பெட்டிக்குள் விட்டு ஆராய்ந்தார். எலி நெம்புகோலை அழுத்தினால் தீனி விழும். ஒவ்வொரு முறையும் தீனி விழுமாறு வைத்துப் பின் நிறுத்திவிட்டால், எலி சிறிது நேரம் அழுத்திப் பார்த்துவிட்டு விலகிவிடும். எப்பொழுது விழும் என்று தெரியாதவாறு, சிலபொழுது மூன்றாம் முறையிலும் சிலபொழுது முப்பதாம் முறையிலும் விழுமாறு வைத்தாலோ, அது ஓயாமல் அழுத்திக்கொண்டே இருக்கும். தீனியை நிறுத்திய பின்னும் நெடுநேரம் விடாது. நம் ஊர்த் திருவிழாவில் மூன்று சீட்டுக்காரன் முன்னால் நிற்பவனும், பரிசுச்சீட்டு வாங்கிக்கொண்டே இருப்பவனும் இந்த எலிக்கு உடன்பிறந்தவர்களே!

இனி, கைப்பேசி விளையாட்டைப் பாருங்கள். ‘இலவசம்’ என்று அழைக்கிறது. நாள்தோறும் வந்தால் நாள்தோறும் ஒரு பரிசு. ஒருநாள் தவறினால் சேர்த்தது போயிற்று. ‘லூட் பாக்ஸ்’ எனப்படும் மூடிய பெட்டியைக் காசு கொடுத்து வாங்கினால், உள்ளே தங்க வாளும் இருக்கலாம், தகரக் கரண்டியும் இருக்கலாம். பெல்ஜியம் நாடு 2018 இல் ஆராய்ந்து, இத்தகைய பெட்டிகளுள் சில சூதாட்டமே என்று முடிவு செய்தது. நம் நாட்டிலும் பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடுக்க நாடாளுமன்றம் 2025 ஆகஸ்டில் சட்டம் இயற்றியது. ஆனால், பணம் வைத்து ஆடாத விளையாட்டு பிள்ளையின் இரவை விழுங்கினால் அதற்கு எந்தச் சட்டம் வந்து கதவைத் தட்டும்?

பெயரும் வீடும் சொல்லமாட்டேன். நம் குடியிருப்பில் ஒரு தாய் ஏலச்சீட்டுக் கட்டுவதற்காக வங்கியில் வைத்திருந்த பணம், மகனுடைய விளையாட்டு வீரனுக்கு உடையும் ஆயுதமும் வாங்குவதில் நான்கே நாளில் கரைந்தது. தந்தை கைப்பேசியைச் சுவரில் அடித்து உடைத்தார். பையன் பேச்சை நிறுத்தினான். இரு வாரங்கள் அவ்வீட்டில் உலை கொதித்ததே ஒழிய எவரும் சேர்ந்து உண்ணவில்லை. அந்தப் பையன் ஸ்கின்னர் பெட்டிப் படத்தைப் பார்த்தான். அறிவுரை கேட்டபொழுதெல்லாம் தரையைப் பார்த்தவன், அன்று எழுந்து கேட்டான்: “அண்ணா, அப்படியானால் இந்தப் பெட்டியை யாரோ உட்கார்ந்து கணக்குப் போட்டுச் செய்கிறார்களா?” விளையாட்டு செய்யும் நிறுவனமொன்றில் பணிபுரியும் நம் இளைஞர் ஒருவர் அங்கிருந்தார். “ஆமாம், தம்பி” என்று சொல்ல அவருக்குச் சற்று நேரம் பிடித்தது. அதன்பின் அரைமணி நேரம் இருவரும் பேசினர். தந்தை கதவருகில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள் சிலர் வேறு குறை கூறினர்: சூழ்ச்சி தெரிந்துவிட்டால் ஆட்டம் சுவைக்கவில்லையாம். நல்ல விளையாட்டு அவ்விதம் சுவை கெடாது என்பது என் கருத்து. ஆடுபுலி ஆட்டத்தின் நுட்பமெல்லாம் அறிந்தவர்தாம் திண்ணையில் இரண்டு மணிநேரம் அமர்ந்து ஆடினர். பல்லாங்குழியில் காய் தீர்ந்தால் ஆட்டம் தீர்ந்தது. சோழி விற்றவன் ‘இன்னும் ஒரு ஆட்டம் ஆடு’ என்று நள்ளிரவில் எழுப்பியதில்லை. நாம் ஆடினாலும் ஆடாவிட்டாலும் அவனுக்கு ஒன்றே. இந்த ஒரு வேற்றுமையைப் பிள்ளைகள் பிடித்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது.

இத்தொடரை உலகெங்கும் பார்த்தவர்கள் கொண்ட கருத்துகளும் ஒன்றாயிருக்கவில்லை. 2011 இல் படம் வரைந்த பெண்மணிக்கு அறுவை மருத்துவம் தேவைப்பட்டபொழுது, பார்வையாளர்கள் அனுப்பிய தொகை ஒரு லட்சம் டாலரைக் கடந்தது, அத்துணை அன்பு! அதே பார்வையாளர்கள் 2019 இல் சினந்து எழுந்தனர். பலர் கூடி ஆடும் போர் விளையாட்டுகளில், கணினி எந்தப் பக்கம் தள்ளுகிறதோ அந்தப் பக்கம் ஆடவேண்டும். விரும்பாதவனும் நாஜிப் படைவீரன் ஆகிவிடுகிறான். இது தீமையைப் பழக்கப்படுத்துவதாகும் என்றது அவ்வாண்டு வந்த ஒரு படம். ‘திருடன்–போலீஸ் ஆடுபவனெல்லாம் திருடன் ஆவானா?’ என்று மறுத்தவர் மிகப் பலர்.

இதில் எனக்கொரு கருத்து உண்டு. தெருக்கூத்தில் துரியோதனன் வேடத்தை எவரேனும் கட்டித்தான் ஆகவேண்டும். கட்டியவரை ஊரார் துரியோதனன் என்று ஒதுக்கியதில்லை. ஆனால் அருகில் கட்டியங்காரன் நிற்கிறான். மன்னனையே எள்ளி நகையாடி, இவன் இன்னான் என்று ஊருக்கு உணர்த்துகிறான். போர் விளையாட்டில் அந்தக் கட்டியங்காரன் இல்லை; சுடுவது மட்டும் இருக்கிறது. படம் செய்தவர்கள் கண்ட குறை உண்மை. சில நிமிடங்களில் அவசரமாய்ச் சொன்னதால் ஆடுகிறவனையே குற்றவாளி ஆக்கியதுபோல் ஒலித்துவிட்டது.

இக்குழுவினரிடம் நான் மிகவும் மதிக்கும் பண்பு மற்றொன்று. விளையாட்டைப் பற்றிய தொடரிலிருந்து கிளைத்து ‘எக்ஸ்ட்ரா ஹிஸ்டரி’ என்று வரலாற்றுத் தொடர் ஒன்றும் செய்தனர். ஒவ்வொரு வரலாறும் முடிந்தபின், ‘பொய்கள்’ என்றே பெயரிட்டு ஒரு படம் வரும். எங்கெங்கே தவறினோம், எதைச் சுருக்குவதற்காகத் திரித்தோம் என்று தாமே எடுத்துரைப்பர். பார்வையாளர் சுட்டிய பிழைகளும் அதில் இடம்பெறும். பாடம் சொல்பவர் தம் பிழையைப் பாடமாக வைப்பது எத்தனை வகுப்பறைகளில் நடக்கிறது? அப்படத்தைப் பார்த்த பிறகே நம் பிள்ளைகள் திரையில் வருவதை எதிர்த்துக் கேட்கத் தொடங்கினர். என்னையும் எதிர்த்துக் கேட்கின்றனர். அது வேறு செய்தி.

மொழியைப் பற்றிக் கூறவேண்டும். தமிழில் இத்தகைய தொடர் வரவேண்டும். வரும்வரை காத்திருக்க வேண்டுவதில்லை. நிமிடத்திற்கொரு முறை நிறுத்தி, தெரிந்தவர் தமிழில் சொல்ல, தெரியாதவர் கேட்க, எட்டு நிமிடப் படம் எங்களுக்கு ஒரு மணிநேரம் ஓடிற்று. என் மொழிபெயர்ப்பை ஒன்பதாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி திருத்திக்கொண்டே வந்தாள். ஆங்கிலச் சொல்லுக்கு ஈடு தேடி நாங்கள் வாதிட்டபொழுதுதான் பொருளே விளங்கிற்று.

நாம் வாழும் நகரத்தையும் எண்ணிப் பாருங்கள். ஜோலார்பேட்டையிலிருந்து கண்டோன்மென்ட்டுக்கு 1864 இல் இருப்புப்பாதை வந்தது. அதன் வழியே வந்து உழைத்தவர்களின் வழியினர் நம்மில் பலர். இதே பெங்களூரில் 1997 இல் ‘துருவா இன்டராக்டிவ்’ என்னும் விளையாட்டு நிறுவனம் தோன்றியது. 2019 இல் புகழ்பெற்ற ராக்ஸ்டார் நிறுவனம் அதை வாங்கிற்று. உலகம் ஆடும் விளையாட்டுகளுக்குரிய சித்திரங்கள் நாம் பேருந்தில் கடந்துபோகும் கட்டிடங்களில் தீட்டப்படுகின்றன. சிவாஜிநகர்ச் சந்துகளில் நன்றாகப் படம் வரையும் பிள்ளைகளை நான் அறிவேன். அவர்கள் அக்கட்டிடங்களுக்குள் பணியாற்றச் செல்வார்களா, அல்லது வெளியே நின்று பெட்டியைக் காசு கொடுத்து வாங்குபவர்களாகவே இருப்பார்களா என்பது, விளையாட்டு செய்யப்பட்ட பொருள் என்பதை அவர்கள் எப்பொழுது உணர்கிறார்கள் என்பதைப் பொறுத்தது.

செயலாளர் மணியைப் பார்க்கிறார். வரும் மாதம் முதல் ஞாயிறுதோறும் மாலை ஐந்து மணிக்குப் படிப்பகத்தில் மீண்டும் திரையிடுகிறோம். சென்ற முறை தாய்மார்களும் பிள்ளைகளும் வந்தனர். தந்தையர் நால்வரே வந்தனர். இம்முறை நாற்காலிகள் கூடுதலாகப் போடுகிறோம். கைப்பேசியைக் கையிலேயே கொண்டுவரலாம்; பிள்ளைகள் ஆடும் விளையாட்டையே எடுத்து வைத்துக்கொண்டு, எது எங்கே நம்மை இழுக்கிறது என்று சேர்ந்து பார்ப்போம்.