தலைமையாசிரியர் அறையில் நடக்கும் சமூகநீதி

இன்று பி.எட்., எம்.எட். பட்டம் பெறும் இளம் ஆசிரியர்களே,

உங்களில் பலர் ஒருநாள் தலைமையாசிரியர் ஆவீர்கள். தனியார் பள்ளிக்குப் போகிறவர்கள் சீக்கிரமே ஆகிவிடுவீர்கள். அங்கே சம்பளம்தான் மெதுவாக வரும், பதவி விரைவாக வந்துவிடும். அதனால் வகுப்பறையை உங்கள் பேராசிரியர்களிடம் விட்டுவிட்டு, ஹெச்.எம். அறையைப் பற்றிப் பேசுகிறேன். நானும் அந்த நாற்காலியில் உட்கார்ந்து ஓய்வு பெற்றவன்தான்.

அந்த அறைக்குள் சமூகநீதியைத் தேடுமுன் கொஞ்சம் வரலாறு. நம் புதுச்சேரியில் சட்டம் முன்னால் வந்துவிடும், பழக்கம் பின்னால் நொண்டிக்கொண்டு வரும். 1873-இல் பொன்னுத்தம்பிப் பிள்ளை என்ற வழக்கறிஞர் ஐரோப்பியரைப்போல் காலணி அணிந்து நீதிமன்றத்துக்குப் போனார். கூடாது என்று தடுத்தார்கள். அவர் பாரீஸ் வரை முறையிட்டு வென்றார். சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம் என்று முழங்கிய பிரெஞ்சு ஆட்சியில், காலில் எதைப் போடுவது என்பதற்கே கடல் தாண்டி நியாயம் கேட்க வேண்டியிருந்தது. பள்ளிக்கூடங்களும் அப்படித்தான். 1826-இல் தொடங்கிய அரசுக் கல்லூரி வெள்ளையர் பிள்ளைகளுக்கு. தாழ்த்தப்பட்டோர் பிள்ளைகளுக்குத் தனிப் பள்ளி. இந்தியப் பிள்ளைகளுக்காகக் கலவை சுப்பராய செட்டியார் எழுப்பிய கலவைக் கல்லூரி மிஷன் வீதியில் இன்றும் நிற்கிறது. 1909-இல் காரைக்கால் நிரவியில் தமிழாசிரியராகச் சேர்ந்து 1946 வரை பிரெஞ்சு அரசுப் பள்ளிகளில் பாடம் நடத்திய கனகசுப்புரத்தினத்தை உலகம் பாரதிதாசன் என்று அறியும். சாதியை எதிர்த்துப் பாடிய அந்தக் குரல் ஓர் அரசுப் பள்ளி ஆசிரியரின் குரல் என்பதை நம் துறையினரே மறந்துவிடுகிறார்கள்.

இந்த மண்ணில் 1930-லேயே, பிரெஞ்சு நிர்வாகத்தின் கீழ், பள்ளிப் பிள்ளைகளுக்கு மதிய உணவு வந்துவிட்டது. பெருமைதான். ஆனால் சமைப்பது யார், பரிமாறுவது யார், யார் பக்கத்தில் யார் உட்காருவது என்பதை எந்த அரசாணையும் தினமும் வந்து பார்க்காது. 2018-இல் திருப்பூர் மாவட்டம் அவிநாசி அருகே ஒரு பள்ளியில், தலித் பெண் சமைக்கக் கூடாது என்று ஊர்க்காரர்கள் சிலர் திரண்டார்கள். அதிகாரிகள் முதலில் செய்த காரியம் அந்தப் பெண்ணை இடம் மாற்றியது. எதிர்ப்பு எழுந்த பிறகே அவர் திரும்ப வந்தார். 2022 டிசம்பரில் ஈரோடு மாவட்டத்தில், தலித் மாணவர்களைக் கழிப்பறை கழுவ வைத்ததாக ஒரு தலைமையாசிரியை கைதானார். ‘நீ போய்ச் செய்’ என்று கைகாட்டும் விரல் எந்தப் பிள்ளைமேல் போய் நிற்கிறது? டீ வாங்கி வர, குடத்தில் தண்ணீர் பிடிக்க, பெஞ்சு தூக்க என்று நாம் அனுப்பும் பிள்ளைகளின் பெயர்களை ஒரு மாதம் குறித்து வையுங்கள். அந்தத் தாளைப் பார்க்க உங்களுக்கே பிடிக்காது.

நாங்குநேரியில் 2023-இல் ஒரு மாணவனை உடன் படித்தவர்களே வீடு புகுந்து வெட்டியபின், தமிழ்நாடு அரசு நீதிபதி சந்துரு தலைமையில் ஒருநபர் குழு அமைத்தது. 2024 ஜூனில் அறிக்கை வந்தது. பள்ளிப் பெயர்களில் சாதி கூடாது, வருகைப் பதிவேட்டில் சாதிக் குறிப்பு கூடாது என்றெல்லாம் சொன்ன அந்த அறிக்கை, ஒரு சாதியினர் மிகுந்த பகுதியில் அதே சாதியைச் சேர்ந்தவரைத் தலைமையாசிரியராக நியமிக்கக் கூடாது என்றும் பரிந்துரைத்தது. பலர் கொதித்தார்கள். எனக்கு அந்தப் பரிந்துரையில் நியாயம் தெரிகிறது. ஆனால் நம் ஊர் சிறியது. வில்லியனூரில் இருப்பவரை முத்தியால்பேட்டைக்கு மாற்றினாலும் சொந்தபந்தம் கூடவே வரும். காரைக்காலுக்குப் போடலாம், அதைத் தண்டனை என்றுதான் எல்லாரும் எடுத்துக்கொள்வார்கள். எனவே இங்கே இடமாறுதலை நம்பிப் பயனில்லை. மேசை எங்கே இருந்தாலும் அதன்மேல் என்ன நடக்கிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

அந்த மேசையில் மிக முக்கியமான நாள் எது தெரியுமா? பதினொன்றாம் வகுப்புச் சேர்க்கை நாள். மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 10 சதவீத உள்ஒதுக்கீடு 2023-இல் நம் புதுச்சேரிக்குக் கிடைத்தது. எத்தனை பேருடைய போராட்டம் அது! ஆனால் வைத்திக்குப்பத்து மீனவர் வீட்டுப் பெண், பத்தாம் வகுப்பில் சுமாரான மதிப்பெண்ணோடு வந்து நிற்கும்போது, ‘உனக்கு எதுக்கும்மா சயின்ஸ் குரூப்? கஷ்டப்படுவே, காமர்ஸ் எடுத்துக்கோ’ என்று அன்பாகச் சொல்லி அனுப்பிவிட்டால், அந்த 10 சதவீதம் அவளுக்கு அங்கேயே முடிந்துபோயிற்று. உயிரியல் படிக்காதவளுக்கு நீட் ஏது? சொன்னவர் கெட்டவர் அல்லர். பள்ளியின் தேர்ச்சி விகிதத்தை நினைத்துச் சொன்னார். அதே மதிப்பெண்ணோடு ஓர் அலுவலரின் மகன் வந்திருந்தால், அப்பா கூடவே வந்து வாதாடியிருப்பார், இடம் கிடைத்திருக்கும்.

நூறு சதவீதத் தேர்ச்சி என்ற மோகத்தைப் பற்றிக் கொஞ்சம் கடுமையாகவே பேச வேண்டும். படிப்பில் பின்தங்கிய பிள்ளையின் பெற்றோரைக் கூப்பிட்டு, ‘டி.சி. வாங்கிக்கிட்டுப் போயிடுங்க, தனித்தேர்வா எழுதட்டும்’ என்று சொல்லி அனுப்பிவிட்டுக் காட்டும் நூறு, கணக்கில் மட்டும்தான் நூறு. 2023-24 முதல் நம் அரசுப் பள்ளிகளின் மேல்வகுப்புகள் சி.பி.எஸ்.இ. பாடத்திட்டத்துக்கு மாறின. தமிழ்வழியில் படித்து வந்த பிள்ளைகள் நடுவழியில் ஆங்கிலப் பாடநூலைப் பிரித்து உட்கார்ந்தார்கள். இப்படிப்பட்ட நேரத்தில் பள்ளியின் நல்ல கணக்கு ஆசிரியரை எந்தச் செக்சனுக்குப் போடுவீர்கள்? வழக்கமாக ‘ஏ’ செக்சனுக்கு. ஏற்கெனவே டியூசன் போகும் பிள்ளைகள் அங்கே இருக்கிறார்கள். ‘சி’ செக்சனுக்குப் போடுங்கள். ஆசிரியர் அறையில் முணுமுணுப்பு வரும், எனக்கும் வந்தது. காலஅட்டவணை போடும் பென்சில் உங்கள் கையில் இருக்கும்போது அதைத் துணைத் தலைமையாசிரியரிடம் கொடுத்துவிட்டு ஒதுங்காதீர்கள்.

கடைசியாகப் பள்ளி மேலாண்மைக் குழு. 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் அதில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர் இருக்க வேண்டும், பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும், நலிந்த பிரிவினருக்கு அவர்கள் எண்ணிக்கைக்கு ஏற்ற இடம் வேண்டும் என்கிறது. பல பள்ளிகளில் அது ஒரு கையெழுத்து நோட்டு. காலை பதினொரு மணிக்குக் கூட்டம் போட்டால், பெரிய மார்க்கெட்டில் மீன் கூடையோடு உட்கார்ந்திருக்கும் தாய் எப்படி வருவார்? பிறகு, ‘இவங்களுக்கு அக்கறையே இல்லை’ என்று நாமே அறிக்கை எழுதுவோம். கூட்டத்தை மாலை ஆறரைக்கு வையுங்கள். அலுவலக நேரம் முடிந்துவிட்டது என்று எழுத்தர் சொல்வார். நாற்காலி போட ஆளில்லை என்பார். நீங்களே போடுங்கள். வருகிற அம்மாக்களிடம் முதலில் கையெழுத்தைக் கேட்காமல், எந்த வாத்தியார் வகுப்புக்குச் சரியாக வருவதில்லை என்று கேளுங்கள். பதில் உங்களுக்குச் சங்கடமாக இருக்கும். அதையும் அப்படியே நோட்டில் எழுதுங்கள்.