சிறுதொழிலும் சிட்டையும்

(சங்க மண்டபத்தில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்துருவம்)



மேடையேறியவர் உயர்ந்த பொருள்களைப் பற்றிப் பேசுதல் வழக்கம். நாம் இன்று எடுத்துக்கொண்ட பொருளோ மிகச் சிறியது. அரைத்தாளில் அடங்கிவிடக் கூடியது. செய்த வேலைக்குப் பணம் கேட்டு எழுதும் சிட்டையே அது. கணக்குப் பாடநூல்கள் அதனை விலைப்பட்டியல் என்னும். கடைத்தெருவில் பில் என்பர். பெயர் எதுவாயினும் ஆகுக. அந்த அரைத்தாளை உரிய நாளில், உரிய முறையில் எழுதிக் கொடாமையால் நம்மிடையே நல்ல கைத்தொழில்கள் பல நலிந்து போகின்றன. அதனை உங்கள் முன் வைக்கவே வந்தோம்.

இன்று நம் வாலிபரிற் பலர் மாதச் சம்பளத்தை நாடாது சொந்தக் காலில் நிற்க முயல்கின்றனர். தச்சுப் பட்டறை வைத்தோர், தைப்போர், அச்சிடுவோர், மின்னிணைப்புச் செய்வோர், படம் பிடிப்போர், மொழிபெயர்ப்போர் எனப் பலர் உளர். கணினியின் முன்னமர்ந்து கொழும்பிலும் கடல் கடந்தும் உள்ளோருக்கு வேலை செய்து கொடுப்போரும் உளர். இவர்களிடம் தொழிற்றிறனுக்குக் குறைவில்லை. பணம் கேட்பதென்றால் மட்டும் நாவெழுவதில்லை. “தெரிந்த மனிதர், தருவார் தானே” என்று இருந்து விடுகின்றனர். வேலை கொடுத்தவரோ, “கணக்கு வரட்டும், பார்ப்போம்” என்று இருந்து விடுகின்றார். இருவரும் நல்லவரே. ஆயினும் மூன்று மாதம் கழிந்து விடுகின்றது.

அம்மூன்று மாதம் என்ன செய்யும் என்பதை ஓர் உதாரணத்தாற் காண்போம். ஒரு தச்சர் ஒரு கல்வி நிலையத்துக்கு வாங்கும் மேசையும் செய்து கொடுக்க 180,000 ரூபாவுக்கு ஒப்புக்கொள்கின்றார் என்று கொள்வோம். மரத்துக்கு 110,000, உதவியாளின் கூலிக்கு 30,000, ஆக 140,000 ரூபாவை நூற்றுக்கு மாதம் மூன்று வட்டிக்கு வாங்கி வேலையை முடிக்கின்றார். அவருக்கு எஞ்ச வேண்டியது 40,000 ரூபா. பணம் மூன்று மாதம் பிந்தினால் வட்டி மாத்திரம் 12,600 ரூபா. அவருடைய வருவாயில் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கு போயிற்று! வேலையிற் பிழையில்லை, விலையிலும் பிழையில்லை. காலம் அவருடைய உழைப்பைத் தின்றுவிட்டது. இலாபம் ஏட்டிலே இருக்கக் கையிலே காசில்லாமற் கடை பூட்டுவோர் இவ்வாறு தான் பூட்டுகின்றனர்.

இதற்கு மருந்து யாது? முதலில் வேலை தொடங்குமுன் செய்ய வேண்டியதைப் பார்ப்போம். இன்ன வேலை, இன்ன விலை, இன்ன நாளில் முடியும், இன்ன நாளில் பணம் என்று எழுத்தில் வைத்துக்கொள்ளுங்கள். முத்திரைத் தாள் வேண்டுவதில்லை. ஒரு கடிதம், ஒரு மின்னஞ்சல், கைத்தொலைபேசியில் ஒரு செய்தி, அதற்கு “சரி” என்று ஒரு மறுமொழி போதும். மூலப்பொருள் வாங்க வேண்டிய வேலையானால் முற்பணம் கேளுங்கள். நீண்ட வேலையானால் பகுதி பகுதியாக முடித்து, ஒவ்வொரு பகுதிக்கும் பணம் பெறும்படி பேசுங்கள். இடையிலே, “இதையும் கொஞ்சம் செய்து விடு தம்பி” என்றால் மனங்கோணாமற் செய்யலாம். அதன் விலையையும் அன்றே எழுதி அறிவித்துவிட வேண்டும். எழுதாக் கடனுக்கு அழுதால் தீருமா என்று நம் முன்னோர் கேட்டது இதற்கும் பொருந்தும்.

அடுத்து, வேலை முடிந்த அன்றே சிட்டையைக் கொடுங்கள். மாத முடிவிற் சேர்த்து எழுதலாம் என்று வைத்தால் பிந்துதல் நம்மிடமிருந்தே தொடங்குகின்றது. சிட்டையில் உங்கள் பெயர், விலாசம், தொலைபேசி எண், தொடரிலக்கம், திகதி ஆகியன இருத்தல் வேண்டும். பணம் தருபவரின் பெயரைப் பிழையற எழுதுக. ஒரு கந்தோருக்கு எழுதுகையில் வேலையை ஏவிய அலுவலரின் பெயரையும், அவர்கள் கொள்வனவுக் கட்டளை தந்திருந்தால் அதன் இலக்கத்தையும் குறிக்கத் தவறாதீர்கள். “வேலை செய்த வகையில் 180,000” என்று ஒரே வரியில் எழுதினால் கேள்வி பிறக்கும். கேள்வி பிறந்தால் நாள் கழியும். வாங்கு எத்தனை, மேசை எத்தனை, ஒன்றின் விலை யாது, பெற்ற முற்பணம் எவ்வளவு, மீதி எவ்வளவு என்று பிரித்துக் காட்டுங்கள். பெறுமதி சேர் வரிக்குப் பதிவு செய்தவராயின் அதற்குரிய வரிச் சிட்டையாக எழுத வேண்டும். பதிவு செய்யாதவர் அவ்வரியைச் சேர்த்தெழுதல் ஆகாது.

எல்லாவற்றிலும் முக்கியமானது கொடுக்க வேண்டிய திகதி. “முப்பது நாளில்” என்று எழுதினால், எந்நாளிலிருந்து முப்பது என்ற ஐயம் எழும். “ஆகஸ்ட் 15க்கு முன்” என்று எழுதினால் ஐயத்துக்கு இடமில்லை. அதன் கீழ் வங்கி, கிளை, கணக்கின் பெயர், கணக்கிலக்கம் ஆகியவற்றைத் தெளிவாகத் தருக. வெளிநாட்டாருக்கு வேலை செய்வோர் எந்த நாணயத்திற் பணம் என்பதையும், இடையில் வங்கிகள் கழிக்கும் கட்டணம் யார் பொறுப்பு என்பதையும் முதலிலேயே பேசி எழுதிக்கொள்ள வேண்டும்.

பெரிய நிறுவனங்களின் கணக்குப் பகுதி வேலை செய்யும் முறையையும் அறிந்து வைத்தல் நன்று. அங்குள்ள லிகிதர் மூன்று தாள்களை ஒப்பு நோக்குவார்: தம் கந்தோர் கொடுத்த கட்டளை, பொருள் வந்து சேர்ந்ததற்கான சான்று, நாம் கொடுத்த சிட்டை. மூன்றும் இசைந்தால் ஒப்பத்துக்குப் போகும். ஒன்று மாறினாலும் தட்டில் ஒதுங்கிவிடும். அன்றியும், பல நிறுவனங்கள் மாதத்திற் குறித்த சில நாட்களிலேயே பணம் வழங்கும். அந்நாள் தப்பினால் அடுத்த முறை வரும்வரை காத்திருத்தல் வேண்டும். ஆதலின், “எந்நாளுக்குள் சிட்டை வர வேண்டும், யாருடைய ஒப்பம் வேண்டும்” என்று முன்னரே வினவி அறிக.

இனி, சிட்டை கொடுத்த பின் செய்ய வேண்டியதைச் சொல்வோம். கிடைத்ததா என்று அடுத்த நாள் கேளுங்கள். தவணைக்கு மூன்று நாள் முன் பணிவாக ஒரு நினைவூட்டல். தவணை நாளில் ஒன்று. ஒரு வாரம் சென்றால் நேரே பேசுதல். இரண்டு வாரம் சென்றால் சிட்டையின் பிரதியுடன் ஒரு கடிதம். பழைய பாக்கி தீரும்வரை புதிய வேலையைக் கையேற்காதிருத்தலும் முறையே. இவற்றில் கோபம் கலத்தல் வேண்டாம். அழுத பிள்ளை பால் குடிக்கும் என்பார்கள். அழ வேண்டுவதுமில்லை, கேட்டாற் போதும். பணம் வந்ததும் பற்றுச்சீட்டும் நன்றியும் அன்றே போக வேண்டும். கொடுத்த சிட்டைகளை ஒரு கொப்பியில் வரிசையாகப் பதிந்து, பணம் வந்தவற்றுக்கு எதிரே திகதியிட்டு வந்தால், யார் எவ்வளவு தரவேண்டும் என்பது ஒரு பார்வையில் விளங்கும்.

சட்டத்தையும் மறத்தலாகாது. நம் நாட்டில் வழக்காடும் கால எல்லையை வகுக்கும் 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கக் கட்டளைச் சட்டப்படி, விற்ற பொருளுக்கும், கடைக் கணக்குக்கும், செய்த வேலைக்கும் உரிய பணத்தைக் கேட்டு, அது கொடுபட வேண்டிய நாளிலிருந்து ஓராண்டுக்குள் வழக்கிட வேண்டும். எழுத்திலமைந்த ஒப்பந்தமாயின் ஆறு ஆண்டு உண்டு. ஒரு தாள் எழுதுவதால் எத்துணை வேற்றுமை பாருங்கள்! எல்லோரும் நீதிமன்றம் ஏற வேண்டுமென்று நாம் சொல்லவில்லை. 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டப்படி அமைந்த மத்தியஸ்த சபைகள் சிறு கடன் பிணக்குகளை இணக்கமாகத் தீர்த்து வைக்கின்றன. அங்கு போனாலும், “எழுத்தில் என்ன இருக்கின்றது?” என்ற கேள்வி எழவே செய்யும்.

பிற நாடுகளும் இப்பிணியை உணர்ந்துள்ளன. பிரித்தானியா 1998இல், வணிகக் கடன் பிந்தினால் மத்திய வங்கியின் அடிப்படை வட்டிக்கு மேல் நூற்றுக்கு எட்டு வீதம் வட்டி கேட்கும் உரிமை தந்தது. இந்தியா 2006இல் இயற்றிய சட்டம், சிறுதொழிலாளரிடம் வாங்கியவர் எழுத்தில் என்ன தவணை பேசினாலும் 45 நாளுக்கு மேற் போகலாகாது என்று விதித்தது. அரசுகளே சட்டம் செய்ய வேண்டிய அளவுக்கு இது பெரிய காரியம் என்பதை உணர்தற்கே இவற்றைக் குறிப்பிட்டோம்.

பெரியோர்களே, இறுதியாக உங்களிடம் ஒரு விண்ணப்பம். இதுவரை வாங்குவோரைப் பற்றிப் பேசினோம். கொடுப்போரும் நாமே அல்லவா? விழா நடந்தால் பந்தற்காரர், ஒலிபெருக்கிக்காரர், மேளகாரர், அச்சகத்தார் என எத்தனை பேரின் உழைப்பு அதில் இருக்கின்றது! விழா சிறந்ததென்று மகிழ்ந்து கலையும்போது அவர்களும் மகிழ்ந்து கலைய வேண்டும். “ஊர்க் காரியந்தானே, பிறகு பார்ப்போம்” என்ற சொல் ஏழைத் தொழிலாளியின் அடுப்பில் நீர் வார்க்கும் சொல். சிட்டை கைக்கு வந்து பதினான்கு நாளுக்குள் பணம் கொடுப்பதென்று ஒவ்வொரு சங்கமும், சபையும், வீடும் உறுதி கொண்டால், கேட்பவனின் கூச்சமும் ஒழியும். கொடுப்பவரின் நற்பெயரும் வளரும்.

வாலிபர்களே, உழைத்த பணத்தைக் கேட்பது பேராசையன்று. அது வேலையின் கடைசிப் பகுதி. மேசைக்கு மெருகு பூசாமல் ஒருவரும் பட்டறையை விட்டு அனுப்புவதில்லை. சிட்டை எழுதாமலும் அனுப்பாதீர்கள். முடித்தும் சிட்டை கொடாத வேலை எவரிடமேனும் இருந்தால், அதனை இன்றிரவே எழுதுங்கள். நாளைக் காலை கொண்டுபோய்க் கொடுங்கள்.