மெரினாவுக்கு மணல் வந்த கதை



சென்னைக்கு விருந்தாளி வந்தால் மெரினாவைக் காட்டாமல் அனுப்புவோமா? பஸ்ஸை விட்டு இறங்கி, சுண்டல் வாங்கி, மணலில் கால் புதையப் புதைய நடந்தால், அலை வருவதற்குள் பொட்டலம் காலியாகிவிடும். அவ்வளவு அகலம். அந்த மணல் ஆதியிலிருந்தே அங்கே கிடக்கிறது என்றுதான் பலரும் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அதற்கு வயது ஏறக்குறைய 150 வருஷம்தான்.

அதற்கு முன்னால் கடல் புனித ஜார்ஜ் கோட்டைக்கு வெகு அருகில் இருந்தது. 1842-இல் அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேமிக்க ஐஸ் ஹவுஸ் கட்டினார்கள். இன்றைய விவேகானந்தர் இல்லம். உருகுகிற சரக்கு ஆயிற்றே, கரையோரமாகத்தான் கட்டியிருக்கிறார்கள். இப்போது அதன் வாசலில் நின்றால் சாலையும் மணலும் தாண்டித்தான் கடல்.

அப்போது சென்னைக்குத் துறைமுகம் கிடையாது. கப்பல்கள் தொலைவில் நங்கூரமிடும். கயிற்றால் தைத்த மசூலாப் படகுகளில் நம் மீனவர்கள் ஆளையும் சரக்கையும் அலை தாண்டிக் கொண்டுவருவார்கள். 1870-களின் நடுவில் கடலுக்குள் கல்லைக் கொட்டித் துறைமுகம் கட்டத் தொடங்கினார்கள். 1881 புயல் அதில் பெரும்பகுதியை அடித்துக்கொண்டு போனது. விடவில்லை, திரும்பவும் கட்டினார்கள்.

இங்கேதான் கதை திரும்புகிறது. நம் கரையில் கடல் சும்மா இருப்பதில்லை. தென்மேற்குப் பருவக்காற்றுக் காலம் முழுக்க அலைகள் மணலை வடக்கே தள்ளுகின்றன. வடகிழக்குப் பருவத்தில் கொஞ்சம் தெற்கே திரும்பும், ஆனாலும் வரவு செலவு பார்த்தால் வடக்கே போவதுதான் அதிகம். குறுக்கே துறைமுகச் சுவர் எழுந்ததும் அந்த மணல் தெற்கிலேயே தங்கிவிட்டது. கரை வருஷா வருஷம் கடலுக்குள் நகர்ந்தது. 1884-இல் ஆளுநர் கிராண்ட் டஃப் அங்கே நடைபாதை போட்டு, இத்தாலியக் கடற்கரைகளின் நினைவில் மெரினா என்று பெயர் வைத்தார். பெயர் வைத்த புண்ணியம் அவருக்கு. மணல் கொடுத்தது துறைமுகம்.

அந்த மணல் துறைமுகத்தையும் சும்மா விடவில்லை. கிழக்கு நோக்கியிருந்த வாசல் தூர்ந்துகொண்டே வந்ததால், 1904-இல் துறைமுகப் பொறுப்புக்கு வந்த பிரான்சிஸ் ஸ்பிரிங் காலத்தில் அதை அடைத்து வடகிழக்கில் புது வாசல் வைத்தார்கள்.

சரி, வடக்கே போயிருக்கவேண்டிய மணல் போகவில்லையே, அங்கே என்ன ஆயிற்று? ராயபுரம், காசிமேடு பக்கம் கடல் கரையைத் தின்றது. மீனவர் வீடுகளும் தெருக்களும் போயின. இன்று அங்கே கால் நனைக்க மணல் தேடினால் கருங்கல் குவியல்தான் பெரும்பாலும் கண்ணில் படும். நாம் காற்று வாங்கும் இடம் அவர்கள் இழந்த இடம் என்று சொன்னால் மிகையில்லை என்பது என் எண்ணம்.

அதற்கும் வடக்கே எண்ணூரில் 2001-இல் இன்னொரு துறைமுகம் வந்தது. பிறகு அதன் வடக்கே காட்டுப்பள்ளியிலும் ஒன்று. காட்டுப்பள்ளியை இன்னும் பெரிதாக்கும் திட்டம் என்றதும் அதற்கு வடக்கே உள்ள பழவேற்காட்டு மீனவர்கள் எதிர்த்து நிற்கிறார்கள். ராயபுரத்துக்கு நேர்ந்தது அவர்களுக்குத் தெரியும்.