பாலை மண்ணில் காத்திருக்கும் விதைகள்



மழை இறங்கினால் மரித்த பூமி உயிர்பெறும் என்று நாம் சிறுவயது முதல் கேட்டு வருகின்றோம். பச்சை நிறைந்த நாட்டில் வாழும் நமக்கு அதன் முழுப் பொருள் எளிதில் விளங்குவதில்லை. எனவே இன்று உங்களை ஐக்கிய அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்திலுள்ள ஒரு பாலைநிலத்துக்கு அழைத்துச் செல்கின்றேன். அதன் பெயர் டெத் வெலி. மரணப் பள்ளத்தாக்கு என்பது பொருள்.

அதன் மிகத் தாழ்ந்த இடம் கடல் மட்டத்திலிருந்து 86 மீற்றர் கீழே உள்ளது. 1913 ஜூலை 10 ஆம் திகதி அங்கு பதிவான 56.7 பாகை செல்சியஸ் வெப்பமே இன்றும் உலகச் சாதனையாக ஏற்கப்பட்டுள்ளது. ஆண்டு முழுவதும் கிடைக்கும் மழையோ சராசரியாக 50 மில்லிமீற்றர் அளவுதான். நமது ஊர்களில் ஒரே மாலையில் அதைவிட அதிகமாகப் பெய்துவிடும்.

அந்நிலத்தை அறிய நெடுந்தூரம் நடக்க வேண்டியதில்லை. கோல்டன் கென்யன் என்னும் குறுகிய மலை இடுக்கில் ஒன்றரைக் கிலோமீற்றர் நடந்தாலே போதும். இருபுறமும் எழும் மஞ்சள் நிறச் சுவர்கள், முன்னொரு காலத்தில் ஏரியின் அடியில் படிந்த சேறாகும். அந்நீரின் சிற்றலைகள் பதித்த வரிகள் கல்லாகி இன்றும் காட்சி தருகின்றன. அவ்விடுக்கினுள் முன்பு வாகனப் பாதை இருந்தது. 1976 இல் வந்த வெள்ளம் அதனை அடித்துச் சென்றது. வேர்களால் பிடிக்கப்படாத மண்ணில் சிறு மழையும் பெருவெள்ளமாகிவிடும்.

சோல்ட் க்ரீக் என்னும் உப்போடையிலோ விரல் நீளம்கூட இல்லாத சிறு மீன்கள் வாழ்கின்றன. பனியுகத்தில் அப்பள்ளத்தாக்கை நிரப்பியிருந்த பேரேரி வற்றிய பின்னர், எஞ்சிய உவர்நீரில் ஒதுங்கிப் பிழைத்த இனம் அது. வசந்த காலத்தில் அவை இணை தேடித் துள்ளுவதைக் கரையிலிருந்தே காணலாம்.

இனி மலர்களின் செய்திக்கு வருவோம். அங்குள்ள பல செடிகள் ஒரு பருவமே வாழ்பவை. ஆயினும் அவற்றின் விதைகள் பல ஆண்டுகள் மண்ணில் உறங்கக் கூடியவை. விதையின் மேலுறையில் முளைப்பதைத் தடுக்கும் பொருள் உண்டு. தூறல் அதனைக் கழுவாது. நன்கு நனைக்கும் மழையே கழுவும். அற்ப ஈரத்தை நம்பி முளைத்தால் அழிந்துவிடும் அல்லவா? அதன்பின் குளிர்காலம் முழுதும் இடைவெளிவிட்டு மழை வேண்டும். உலர்த்தும் காற்று வீசலாகாது. இவையெல்லாம் கூடி வந்த 1998, 2005, 2016 ஆம் ஆண்டுகளில் பள்ளத்தாக்கு பொன்னிறப் பூக்களால் மூடப்பட்டது. அவற்றிடையே இளஞ்சிவப்புக் கிண்ணம் போன்ற ஒரு மலர். அதனுள்ளே ஐந்து செம்புள்ளிகள். அதைக் காணக் குனிந்தே ஆக வேண்டும். பூக்களைத் தேடி அந்துப்பூச்சிகள் வரும். அவற்றின் புழுக்கள் இலைகளை மேயும்.

பெற்றோர்களே! அங்கு ஒரு பூவைப் பறிப்பதும் சட்டப்படி குற்றமாகும். ஒரு பூதானே என நமது பிள்ளைகள் கேட்கக்கூடும். விதையாகும் முன் பறித்த பூவோடு, அது மண்ணுக்குத் தர வேண்டியிருந்த விதைகளும் போய்விடுகின்றன என்பதை அவர்களுக்கு விளக்குங்கள்.

இளைஞர்களே! அதே மாநிலத்தின் தென்பகுதியில் லேக் எல்சினோர் என்றொரு சிறு நகரம் உண்டு. அதனருகே வோக்கர் கென்யனின் மலைச்சரிவுகளில் 2019 மார்ச்சில் செம்மஞ்சள் பொப்பி மலர்கள் விரிந்தன. பல்லாயிரக்கணக்கானோர் திரண்டனர். கையடக்கத் தொலைபேசியில் படமெடுப்பதற்காகப் பாதையை விட்டிறங்கிப் பூக்களின் நடுவே அமர்ந்தவர் பலர், படுத்தவரும் உண்டு. ஒருவர் மிதித்த தடத்தை அடுத்தவர் பாதை என்று எண்ணிப் பின்தொடர்ந்தார். நெரிசல் தாளாமல் நகர நிர்வாகம் அவ்விடத்தைத் தற்காலிகமாக மூட நேர்ந்தது. 2023 இல் மீண்டும் நல்ல மழை பெய்தது. இம்முறை நிர்வாகம் பூக்காலத்துக்கு முன்பே பாதையை அடைத்துவிட்டது. சரிவுகள் மலர்ந்தன. மக்கள் நெடுஞ்சாலையில் ஓடும் வாகனங்களிலிருந்து அவற்றைப் பார்த்துச் சென்றனர்.