தள்ளுபடியா? தள்ளிவைப்பா?

பண்டிகைப் பலகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்திருக்கிற தாய்மார்களே!

எதிரணித் தோழர் இப்பத்தான் பேசிட்டுப் போனாரு. 'ஏழை முதியவர்களுக்கும் மாற்றுத் திறனாளிகளுக்கும் வீட்டு வரியை அடியோடு தள்ளுபடி பண்ணுங்க'ன்னாரு. நீங்க கைதட்டினீங்க. நானும் தட்டினேன். இலவசம்னா நம்ம கை தானாத் தட்டும்! (சிரிப்பு) ஆனா நான் கேட்பது தள்ளுபடி அல்ல, தள்ளிவைப்பு.

நான் தேசூர்க்காரன் அய்யா. ஆரணிப் பட்டு நெய்கிற பக்கம். நெசவாளி வீடு எப்படி இருக்கும்? மனுஷன் படுக்க இடம் இல்லாட்டியும் தறிக்கு இடம் வேணும். அதனால வீடு நீளமா இருக்கும். வயசாச்சு, கண் மங்கிச்சு, காலால மிதிக்க முடியலை. தறி நின்னுபோச்சு. தறி நின்ன இடத்துக்கு வரி நின்னுச்சா? இல்லையே!

2022 ஏப்ரலில் வரியை உயர்த்தினார்கள். பேரூராட்சியில் 600 சதுர அடிக்குள் இருக்கிற வீட்டுக்கு 25 சதவீதம், 1,200 வரை 50, 1,800 வரை 75, அதற்கு மேல் 100. சதுர அடியை அளந்தாங்க. அடுப்பு எரியுதான்னு அளக்கலை! (கைதட்டல்)

முதியோர் உதவித்தொகை 1962இல் மாதம் 20 ரூபாயாகத் தொடங்கி, 2023இல் 1,200 ரூபாய் ஆனது. அதுல அரிசி வாங்கணும், மாத்திரை வாங்கணும். அரையாண்டு தொடங்கி ஒரு மாதத்துக்குள் வரி கட்டினா 5 சதவீதம் ஊக்கத்தொகை. கெடு தாண்டினா மாதம் 1 சதவீதம் வட்டி. இருக்கிறவனுக்குச் சலுகை, இல்லாதவனுக்கு வட்டி! நியாயமா நடுவரே?

சரி, தள்ளுபடியே பண்ணிட்டா என்ன? தெருவிளக்கு யார் போடுறது? குழாய்த் தண்ணி யார் விடுறது? அந்தப் பாட்டி இருட்டுல தடுக்கி விழக்கூடாதுன்னாலும் பேரூராட்சிக்குக் காசு வேணுமே!

டில்லி மாநகராட்சியில முதியவர்களுக்கு 30 சதவீதம் குறைக்கிறாங்கன்னு தோழர் சொன்னாரு. நல்ல காரியம். மிச்சம் 70க்கு அவங்க எங்கே போவாங்க?

அமெரிக்காவிலே ஒரிகன் மாநிலம். 1963லேயே ஒரு வழி கண்டாங்க. வருமானம் குறைந்த முதியவரின் வரியை மாநில அரசே உள்ளூர் நிர்வாகத்துக்குக் கட்டிவிடும். பிற்பாடு மாற்றுத் திறனாளிகளையும் சேர்த்தாங்க. வீடு விற்கும்போதோ, உரிமையாளர் காலமான பிறகோ, அந்தப் பணம் 6 சதவீத வட்டியோடு வீட்டு மதிப்பிலிருந்து திரும்பி வரும். ஊருக்கும் நஷ்டம் இல்லை, பெரியவருக்கும் பயம் இல்லை.

'பிள்ளைங்க தலையிலே கடனா?'ன்னு கேட்பாங்க. கணக்குப் போடுவோம். ஒரு பேச்சுக்கு வருஷம் 2,000 ரூபாய் வரி. பதினைந்து வருஷத்துக்கு 30,000. 6 சதவீதம் தனி வட்டியும் சேர்த்தா சுமார் 42,600. பல லட்சம் பெறும் வீட்டை வாங்கிக்கப் போற பிள்ளை இதைக் கட்டமாட்டானா? அப்பா உயிரோட இருக்கும்போது வரி கட்டாதவன், வீடு வரும்போதாவது கட்டட்டுமே! (பலத்த கைதட்டல்)

இது நமக்குப் புதுசும் இல்லை. 2007லேயே இந்தியாவில் முதியோருக்குத் தலைகீழ் அடமானக் கடன் வந்துவிட்டது. வீட்டிலேயே வாழலாம், கடன் அவர் காலத்துக்குப் பிறகு தீரும். வங்கிக்கு இருக்கிற பொறுமை அரசாங்கத்துக்கு இருக்கக்கூடாதா?

'வீட்டைக் கட்டிப் பார்'னு நம்ம பெரியவங்க சொன்னாங்க. கட்டிப் பார்த்துட்டாங்க அய்யா! இனி அந்த வீட்டிலே, கேட்பு நோட்டீசுக்குப் பயப்படாம, நிமிர்ந்து வாழ்ந்து பார்க்கட்டும். தள்ளுபடி கேட்டா கைநீட்டுறதாகும். தள்ளிவைப்பு கேட்டா, 'கடனைத் தீர்ப்பேன், காலம் மட்டும் கொடு'ன்னு கேட்கிற கௌரவம். அந்தக் கௌரவத்தின் பக்கம் தீர்ப்புத் தாருங்கள் என்று கேட்டு அமர்கிறேன்.