காலத்தின் மேல் பழி போடாதீர்கள்!

தலைப்பு: சீன நாடக மேடையின் காதலைச் சிதைத்தது காலமா? கூட இருந்தவர்களா?

(“கூட இருந்தவர்களே” என்ற அணியில் பேசியது)

நடந்த அத்தனை தப்புக்கும் காலண்டரைப் பிடித்துக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றியிருக்கிற எதிரணி நண்பர்களே! (சிரிப்பு)

எனக்கு முன்னால் பேசிய சகோதரி உருக்கமாகப் பேசினார். ஜப்பான் படை வந்தது, உள்நாட்டுப் போர் வந்தது, 1966ல் கலாச்சாரப் புரட்சி வந்தது, பாவம் அந்தக் கலைஞர்கள் என்ன செய்வார்கள் என்று கேட்டார். நீங்க எல்லாரும் கை தட்டினீங்க. நானும்தான் தட்டினேன். (சிரிப்பு) ஆனா தட்டி முடிச்சதும் ஒரு சந்தேகம் வந்தது. எல்லாத்தையும் காலமே செஞ்சுதுன்னா, மனுஷன் எதுக்குத்தான் பொறுப்பு?

நடுவர்: நல்ல கேள்வி. ஆனா கதை தெரியாதவங்களும் இருப்பாங்க. முதல்ல கதையைச் சொல்லிட்டு வழக்குக்கு வாங்க.

சொல்கிறேன் ஐயா. 1993ல் வந்த சீனப் படம் ‘ஃபேர்வெல் மை கான்குபைன்’. லிலியன் லீ என்ற பெண் எழுத்தாளரின் நாவல். இயக்கியவர் சென் கைகே. கேன்ஸ் திரைப்பட விழாவின் தங்கப் பனை விருதை வாங்கிய முதல் சீன மொழிப் படம் அதுதான்.

கதை 1924ல் பெய்ஜிங்கில் தொடங்குகிறது. ஒரு தாய் தன் மகனை நாடகக் கம்பெனியில் சேர்க்க வருகிறாள். பையனுக்குக் கையில் ஆறு விரல். “இந்தக் கையைப் பார்த்தா ஜனங்க பயப்படுவாங்க, சேர்க்க முடியாது” என்கிறார் வாத்தியார். அவள் மகனை வெளியே கூட்டிக்கொண்டு போய், அந்த ஆறாவது விரலை வெட்டிவிட்டு, ரத்தம் சொட்டச் சொட்டத் திரும்பக் கொண்டுவந்து விடுகிறாள். விட்டுவிட்டுப் போனவள் போனவள்தான்.

நம்ம ஊர் பாய்ஸ் கம்பெனிக் கதைகளை நாம கேட்டிருக்கோம். பெய்ஜிங்கிலும் அதே கதைதான். 1904ல் தொடங்கி 1948 வரை அங்கே ஃபூலியன்செங் என்று ஒரு நாடகப் பயிற்சிக் கூடம் நடந்தது. உண்மையான கூடம், சினிமா இல்லை. பையனைச் சேர்த்தால் ஏழு வருஷம். நடுவில் வீட்டுக்குப் போக முடியாது. அடி, உதை எல்லாம் பாடத்திட்டத்திலேயே உண்டு. பெற்றவர்கள் கையெழுத்துப் போடுகிற ஒப்பந்தத்தில் ஒரு வாசகம் இருக்கும்: பிள்ளைக்கு நோயோ ஆபத்தோ வந்தால் அது அவரவர் விதி! கவனிச்சீங்களா? அடிக்கிறது வாத்தியார் கை. பழி விதி மேல. எதிரணித் தோழர்கள் கட்சியில் அன்றைக்கே ஆள் சேர்ந்திருக்கிறார்கள்! (கைதட்டல்)

அந்தச் சின்னப் பையன் பெரியவனாகி தியேயி ஆகிறான். அவன் ஸ்திரீபார்ட். அடி வாங்கும்போதெல்லாம் அவனுக்கு அரணாக நின்ற இன்னொரு பையன் சியாவ்லோ. அவன் ராஜபார்ட். இரண்டு பேரும் ஊரே கொண்டாடும் ஜோடி. மேடையில் இவன் ராஜா, அவன் ராணி. திரை இறங்கினதும் சியாவ்லோ அரிதாரத்தோடு ராஜாவையும் கழுவிவிடுகிறான். தியேயியால் ராணியைக் கழுவ முடியவில்லை. “நான் ஒரு பெண்” என்று சரியாகச் சொல்கிற வரை வாயில் அடித்துச் சொல்லவைத்தார்களே, அது உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. அவன் சியாவ்லோவை உயிருக்கு உயிராக நேசித்தான். அது காதல்தான். வேறு பெயர் வைத்து நாம் அதைச் சின்னதாக்க வேண்டாம்.

சியாவ்லோ, ஜூசியான் என்ற பெண்ணைக் கல்யாணம் செய்துகொள்கிறான். அவள் தாசித் தொழிலை உதறிவிட்டு வந்தவள். ஒரு பக்கம் மனைவி, ஒரு பக்கம் மேடை ராணி. நடுவில் ஒரு ராஜா. மூன்று பேருமே நல்லவர்கள். அதுதான் இந்தக் கதையின் கொடுமை.

இப்போ வழக்குக்கு வருகிறேன். கலாச்சாரப் புரட்சி வருகிறது. பழைய நாடகம் ஆடியது குற்றம். எரிகிற நெருப்பின் முன்னால் மண்டியிட வைத்து, “உன் கூட்டாளியைப் பற்றிச் சொல்” என்கிறார்கள். ராஜா வாயைத் திறக்கிறான். யாருடைய உயிரைக் காக்க? ஒரு காலத்தில் ஜப்பானியர்கள் தன்னைப் பிடித்துவைத்திருந்தபோது, தன்னை மீட்பதற்காகத்தானே தியேயி அவர்கள் முன்னால் போய்ப் பாடினான்? அதையே குற்றமாகச் சொல்கிறான்! பதிலுக்கு வலி தாங்காத தியேயி, ஜூசியானின் பழைய தொழிலைக் கூட்டத்தில் போட்டு உடைக்கிறான். “இவளை நீ நேசிக்கிறாயா?” என்று கேட்கிறார்கள். சியாவ்லோ சொல்கிறான்: இல்லை, எப்போதுமே இல்லை.

அன்றைக்கே அவள் கல்யாணப் புடவை மாதிரி சிவப்பு உடுப்பை உடுத்திக்கொண்டு உயிரை விட்டுவிடுகிறாள். (அரங்கில் அமைதி)

நெருப்பு காலம் வைத்தது. ஒப்புக்கொள்கிறேன். அந்த வார்த்தை யார் வாயிலிருந்து வந்தது?

நடுவர்: எதிரணி கேக்குறாங்க, கழுத்துல கத்தி இருக்கும்போது மனுஷன் என்னதான் செய்வான்?

நியாயமான கேள்வி. அந்தக் காலத்தின் கொடுமையை நான் ஒரு துளிகூடக் குறைத்துச் சொல்லமாட்டேன். 1966 ஆகஸ்ட் 23. பெய்ஜிங் கன்பூசியஸ் கோயில் வளாகத்தில் நாடக உடைகளைக் குவித்துக் கொளுத்தினார்கள். எழுத்தாளர்களையும் கலைஞர்களையும் அங்கே மண்டியிட வைத்து அடித்தார்கள். அடி வாங்கிய பெரிய எழுத்தாளர் லாவ் ஷே மறுநாள் ஏரியில் விழுந்து இறந்தார். மேதை மெய் லான்ஃபாங்கின் மாணவி யான் ஹூய்ஜூ என்ற நடிகை, அடுத்த மாதமே ஷாங்காயில் தன் உயிரை முடித்துக்கொண்டார். காலம் கொடியதுதான்.

ஆனால் நண்பர்களே, அதே நெருப்பின் முன்னால், படத்தில் இன்னொரு ஆளும் இருந்தாள். தியேயியின் உயிரான வாளை நெருப்பில் எறிந்தபோது, பாய்ந்து போய்க் கையை விட்டு எடுத்தவள் யார்? ஜூசியான்! தன் புருஷனுக்குப் போட்டியாக இத்தனை வருஷம் நினைத்திருந்தவனின் வாளை, தன் கையைச் சுட்டுக்கொண்டு எடுத்தாள். அதே காலம். அதே நெருப்பு. அதே கூட்டம். ஒருவர் காட்டிக்கொடுத்தார், ஒருவர் காப்பாற்றினார். காலம்தான் காரணம் என்றால் இரண்டு பேரும் ஒரே மாதிரி அல்லவா நடந்திருக்க வேண்டும்? (பலத்த கைதட்டல்)

சினிமாதானே என்பீர்கள். சரி, நிஜத்துக்கு வருகிறேன். இந்த ராணி வேஷத்தை 1922ல் பெய்ஜிங் மேடையில் ஆடிப் புகழ்பெற வைத்தவர் மெய் லான்ஃபாங். 1894ல் பிறந்து 1961ல் மறைந்த மாமேதை. பெண் வேஷத்தில் அவரை மிஞ்ச ஆளில்லை. அதே காலத்தில் மெங் சியாவோடாங் என்று ஒரு பெண். அவர் ஆண் வேஷம் கட்டுவதில் புகழ்பெற்றவர். பெண்ணாக நடிக்கும் ஆணும், ஆணாக நடிக்கும் பெண்ணும் காதலித்தார்கள். 1927ல் சேர்ந்து வாழ ஆரம்பித்தார்கள். இந்தக் குடும்பத்தில் யார் புருஷன், யார் பொண்டாட்டின்னு பக்கத்து வீட்டுக்காரருக்குக் குழப்பம் வந்திருக்கும்! (சிரிப்பு)

ஆனால் வீட்டில் ஏற்கெனவே மனைவி உண்டு. 1930ல் மெய் லான்ஃபாங்கை வளர்த்த பெரியம்மா காலமானார். மெங் துக்க உடை உடுத்தி, மருமகள் முறையில் அழ வந்தார். வாசலிலேயே தடுத்துவிட்டார்கள். கல்யாணத்தில் முன்வரிசை இல்லை என்றால் பொறுத்துக்கொள்ளலாம். இழவு வீட்டில் அழக்கூட இடம் இல்லை என்றால்? அன்றைக்கு மெய் லான்ஃபாங் அந்தப் பெண்ணின் கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போகவில்லை. காதல் அந்த வாசற்படியிலேயே செத்துப்போனது. சீக்கிரமே பிரிந்தார்கள். 1933ல் அந்த அம்மா பத்திரிகையில் மூன்று நாள் அறிக்கை வெளியிட்டுத் தன் மானத்தை ஊருக்குச் சொல்லவேண்டி வந்தது.

இனிமேல்தான் முக்கியம். 1941ன் கடைசியில் ஜப்பான் படை ஹாங்காங்கைப் பிடித்தது. அங்கே இருந்த மெய் லான்ஃபாங்கை ஆடச் சொன்னார்கள். அவர் என்ன செய்தார்? மீசை வளர்த்தார்! (சிரிப்பு) ஸ்திரீபார்ட் மீசை வைத்தால் மேடை ஏற முடியுமா? வருமானம் போனது, மேடை போனது, போர் முடிகிற வரை மீசையை எடுக்கவில்லை. (கைதட்டல்) நானும் அவரை வணங்குகிறேன். ஆனால் நடுவர் அவர்களே, ஒரு கேள்வி. 1941ல் துப்பாக்கி ஏந்திய ஒரு படைக்கு முன்னால் நிமிர்ந்து நின்ற அதே மனிதர், 1930ல் தன் வீட்டு வாசலில் ஏன் நிமிரவில்லை? வாசலில் எந்தப் படை நின்றது? எந்தப் புரட்சி நின்றது? துக்க உடையில் ஒரு பெண்தானே நின்றாள்! காலம் நெருக்கியபோது ஜெயித்தவர், சொந்தக்காரர்கள் நெருக்கியபோது தோற்றார். இதற்குக் காலம் பொறுப்பா? (பலத்த கைதட்டல்)

1947ல் ஷாங்காயில் பத்து நாள் நாடக விழா. மெய் எட்டு நாள், மெங் இரண்டு நாள். ஒரே மேடை. ஆனால் ஒரு நாள்கூட இருவரும் சேர்ந்து நிற்கவில்லை. அதோடு மெங் மேடையை விட்டே விலகிவிட்டார்.

(மணி ஒலிக்கிறது)

முடித்துவிடுகிறேன் ஐயா. இந்த நாடகத்தின் மூலக்கதையே எனக்குச் சாட்சி. கி.மு. 202. சியாங் யூ என்ற மன்னன் தோற்றுக்கொண்டிருக்கிறான். சுற்றி வளைத்த எதிரிப்படை இரவில் அவன் நாட்டுப் பாட்டையே பாடுகிறது. அவன் நாயகி யூ அவனுக்காக வாள் நடனம் ஆடி, அதே வாளால் உயிரை விடுகிறாள் என்பது நாடகம். சரித்திரம் எழுதிய சீமா சியான் என்ன எழுதினார் தெரியுமா? தோற்ற மன்னன், “வானம் என்னை அழிக்கிறது, என் போரில் குற்றமில்லை” என்றானாம். அப்படிச் சொன்னதுதான் தவறு, பழியை வானத்தின் மேல் போட்டது அபத்தம் என்று கண்டித்து முடிக்கிறார். நடுவர் அவர்களே, நீங்கள் சிரமப்படவே வேண்டாம். இந்த வழக்கில் தீர்ப்பு இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்னாலேயே வந்துவிட்டது! (சிரிப்பு, பலத்த கைதட்டல்)

நடுவர்: அப்போ எனக்கு வேலை இல்லேங்கிறீங்க! (சிரிப்பு)

கடைசியாக ஒன்று. இந்தப் படத்தை எடுத்த சென் கைகே, கலாச்சாரப் புரட்சி தொடங்கியபோது 14 வயதுப் பையன். கூட்டத்தின் முன்னால் பெற்ற தகப்பனையே பழித்துப் பேசியவர். தகப்பனும் சினிமா இயக்குநர்தான். பின்னாளில் சென் கைகே அதை மறைக்கவில்லை. “காலம் அப்படி” என்று சொல்லி நழுவவும் இல்லை. தன் குற்றம் என்று தன் வாழ்க்கைக் கதையிலேயே எழுதினார். அவர் எடுத்த இந்தப் படத்துக்குக் கலை ஆலோசனை சொல்லிக் கூடவே நின்றவர் யார் தெரியுமா? அதே தகப்பனார்! (அரங்கில் நீண்ட கைதட்டல்)

அதனால்தான் சொல்கிறேன். “நான் செய்தேன்” என்று ஒருவர் சொன்னால்தான் “போகட்டும் விடு” என்று இன்னொருவர் சொல்ல முடியும். எல்லாப் பழியையும் காலத்தின் மேல் ஏற்றிவிட்டால், மன்னிப்புக் கேட்கவும் ஆள் இல்லை, மன்னிக்கவும் ஆள் இல்லை. படத்தின் முடிவில் 1977ல் ராஜாவும் ராணியும் மறுபடி ஒத்திகைக்கு நிற்கிறார்கள். கெட்ட காலம் முடிந்துவிட்டது. ஆனால் தியேயி அந்த வாளை உருவித் தன்னை முடித்துக்கொள்கிறான். காலம் மாறியும் அவன் ஏன் பிழைக்கவில்லை? கேட்கவேண்டிய மன்னிப்பை யாரும் கேட்கவே இல்லை, அதனால்தான்!

நம் வீடுகளில் நெருப்பும் இல்லை, செங்காவலர்களும் இல்லை. ஆனால் நாலு பேர் முன்னால் பெண்டாட்டியை விட்டுக்கொடுக்கிற புருஷன் இருக்கிறான். நண்பனைக் காட்டிக்கொடுத்துவிட்டு, “சூழ்நிலை அப்படிங்க” என்கிறவனும் இருக்கிறான். சூழ்நிலைக்கு வாய் கிடையாது. வார்த்தை நம்முடையது. எனவே சீன மேடையின் காதலைச் சிதைத்தது காலமல்ல, கூட இருந்தவர்களே என்று கூறி முடிக்கிறேன்.