வெல்வதிலும் உயர்ந்தது



இரு சாரார் ஓரிடத்தில் வாழ நேர்ந்தால், தொகையிற் பெரியவர் சிறியவரை அடக்கியாள்வதே இயற்கை என்று எண்ணுவோர் உளர். பெரிய மீன் சிறிய மீனை விழுங்குவதை அவர்கள் சான்று காட்டுவர். மனிதர் மீன்கள் அல்லர் என்பதற்கு ஐரோப்பாவின் வடபகுதியிலே ஒரு சான்று உண்டு. அதனையே இன்று உங்கள் முன் வைக்க விரும்புகின்றேன்.

சுவீடனுக்கும் பின்லாந்துக்கும் இடையே, போல்டிக் கடலில், ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட தீவுகளும் திட்டுகளும் சிதறிக் கிடக்கின்றன. ஓலந்துத் தீவுகள் என்பது அவற்றின் பெயர். இன்றும் அங்கு வாழ்வோர் ஏறத்தாழ 30,000 பேரே. அவர்களுள் மிகப் பெரும்பாலோர் பேசுவது சுவீடிய மொழி.

1809ஆம் ஆண்டிலே போரில் தோற்ற சுவீடன், பின்லாந்தையும் இத்தீவுகளையும் ருஷ்யப் பேரரசிடம் இழந்தது. 1917இல் அப்பேரரசு சரிந்தபோது பின்லாந்து சுதந்திரம் பெற்றது. தீவு மக்களோ, பின்னிய மொழி பேசும் பெரும்பான்மையினரிடையே தம் மொழி கரைந்துபோகுமே என்று அஞ்சினர். சுவீடனுடன் மீண்டும் இணைய வேண்டுமெனக் கோரினர்.

பின்லாந்து உடன்படவில்லை. 1920இல் அது தன்னாட்சி வழங்கும் சட்டமொன்றை இயற்றியது. தீவினர் அதனை ஏற்க மறுத்தனர். அவர்தம் தலைவர்களான யூலியஸ் சுண்ட்புளோம், கார்ல் பியோர்க்மன் ஆகிய இருவரும் இராசத்துரோகக் குற்றஞ்சாட்டப்பட்டுக் கைது செய்யப்பட்டனர். சுவீடனிற் சினம் மூண்டது. வழக்குச் சர்வதேச சங்கத்தின் முன் சென்றது.

1921 ஜூன் மாதத்தில் முடிவு வெளியாயிற்று. தீவுகள் பின்லாந்துக்கே உரியன. ஆயின் அங்குள்ளோரின் மொழியும் நிலவுரிமையும் வழக்காறுகளும் காக்கப்படுமெனப் பின்லாந்து உறுதி தரல் வேண்டும். இதனால் சுவீடன் நிலத்தைப் பெறவில்லை. தீவினர் வேண்டியது கைகூடவில்லை. பின்லாந்து தன் கையைத் தானே கட்டிக்கொள்ள நேர்ந்தது. மூவருக்கும் மனக்குறையே. ஆயினும் அவ்வேற்பாடு நூறாண்டு கடந்தும் நிலைத்து நிற்கின்றது. காரணம் யாது?

கொடுத்த வாக்குச் செயலில் வந்தமையே காரணம். 1922 ஜூன் 9ஆம் நாள் தீவுகளின் சட்டசபை முதன்முறையாகக் கூடிற்று. அதன் சபாநாயகர் ஆனவர் யார் என நினைக்கிறீர்கள்? துரோகியெனக் கைது செய்யப்பட்ட அதே சுண்ட்புளோம்! 1945 வரை அவர் அவ்வாசனத்தில் வீற்றிருந்தார். பியோர்க்மன் நிருவாகத் தலைவரானார். நேற்றுப் பகைவராகக் கருதியவரிடம் இன்று பொறுப்பை ஒப்படைக்கும் துணிவு அந்நாட்டுக்கு இருந்தது.

பின்னிய மக்கள்தாமும் மேலாட்சியின் கசப்பை அறிந்தவர்கள். 1899 முதல் ருஷ்யப் பேரரசு அவர்களின் உரிமைகளைக் குறைத்துத் தன்வயமாக்க முயன்றது. அம்முயற்சி எதிர்ப்பையே வளர்த்தது. தம்மீது சுமத்தப்பட்டதைப் பிறர்மீது சுமத்தாதிருப்பதற்கு அவ்வனுபவமே போதிய பாடமன்றோ?

இன்று தீவுகளின் அரசாங்க மொழி சுவீடிய மொழியே. அரசாங்கப் பணத்தில் நடக்கும் பாடசாலைகளிலும் அம்மொழியே வழங்குகின்றது. 1954 முதல் அவர்களுக்குத் தனிக்கொடி உண்டு. 1984 முதல் தபால் முத்திரையும் உண்டு. தீவுச் சபையின் சம்மதமின்றித் தன்னாட்சிச் சட்டத்தை மாற்றப் பின்லாந்துப் பாராளுமன்றத்தால் இயலாது. ஐரோப்பிய ஒன்றியத்திற் சேர்வதா என்ற கேள்வி எழுந்தபோதும், 1994இல் தீவினரிடம் தனியாகவே வாக்குக் கேட்கப்பட்டது. இவ்வளவும் வழங்கியதாற் பின்லாந்து உடைந்ததோ? இல்லை. தீவினரின் பிரதிநிதி ஒருவர் அந்நாட்டுப் பாராளுமன்றத்தில் இன்றும் அமர்ந்திருக்கிறார்.

சச்சரவே இல்லையென்று நான் சொல்லமாட்டேன். அரசாங்க அலுவலர் தம் மொழி அறியாதிருப்பது பற்றித் தீவினர் முறையிடுவதுண்டு. அதிகாரங்களின் எல்லை பற்றிய பிணக்கும் எழுவதுண்டு. ஆயின் இரு தரப்பினரும் சமமாக அமரும் குழுவொன்று உளது. பிணக்குகள் அங்கே செல்கின்றன; தெருவுக்கு வருவதில்லை.

ஒரு கூரையின் கீழ் வாழும் சகோதரருள் மூத்தவன் இளையவனின் பங்கைப் பறித்தால் வீடு பெரிதாகாது. நடுவே சுவர்தான் எழும். பங்கை மதித்து, அதனைத் தானே மீற இயலாதவாறு எழுதியும் கொடுப்பானாயின், இளையவனுக்குச் சுவர் எழுப்பும் எண்ணமே தோன்றாது. வலியவன் தன் வலிமைக்குத் தானே எல்லை வகுத்துக்கொள்வது, வெல்வதிலும் உயர்ந்தது. வென்றதிலும் நெடுங்காலம் நிலைப்பது.